ஜேர்மன் மொழி ராப்பின் முன்னோடி ஃபால்கோ

ஜேர்மன் மொழியில் ராப் பாடினால் உலகம் கேட்குமா? கேட்க வைத்தவர் ஃபால்கோ. 1957இல் வியன்னாவில் பிறந்த யோஹான் ஹோல்சல், தாயின் கருவில் இருந்த மூவரில் தப்பிய ஒரே பிள்ளை. இசைக்கல்லூரியைப் பாதியில் விட்டு மேற்கு பெர்லின் சென்றார். பின்னர் கிழக்கு ஜேர்மனியின் பனிச்சறுக்குத் தாண்டல் வீரர் ஒருவரின் பெயரைத் தனக்குச் சூட்டிக்கொண்டார்.

பேஸ் கிற்றார் வாசித்து வந்தவரை 1982இல் 'டேர் கொமிஸார்' பாடல் மேற்கு ஜேர்மனியில் முதலிடத்துக்கு உயர்த்தியது. மொஸார்ட்டைப் பாடிய 'ரொக் மி அமடேயுஸ்', 1986இல் அமெரிக்காவில் மூன்று கிழமைகள் முதலிடத்தில் நின்றது. அந்த உச்சம் மீண்டும் வாய்க்கவில்லை. 1998இல், 40 வயதில், டொமினிக்கன் குடியரசில் வாகன விபத்தில் மறைந்தார்.

ஜேர்மனையும் ஆங்கிலத்தையும் அவர் கூச்சமின்றிக் கலந்தார். வீட்டில் தமிழும் வெளியில் ஜேர்மனும் பேசும் நம் பிள்ளைகளின் கலப்பு மொழியை நாம் குறையென்றே கருதுகிறோம். அவர்களும் அதில் பாடட்டும். நாம் முதலில் கேட்போம்.