பால்கனியில் படுத்துத் தூங்கிய தளபதி



காட்டாங்குளத்தூரில் ரயில் ஏறினா அடுத்த ஸ்டேஷன் மறைமலைநகர். என் அக்கா வீடு அங்கதான். போன லீவில் அக்கா என்கிட்ட ஒரு வேலை கொடுத்தாங்க. எட்டு வயசிலும் அஞ்சு வயசிலும் ரெண்டு பசங்க. அவங்களை முதல் தடவையா கேம்பிங் கூட்டிட்டுப் போகணும், பிளான் போட வேண்டியது நான். நாலு வருஷமா ஹாஸ்டலில் கிடக்கிறவனுக்கு டென்ட் பத்தி என்ன தெரியும்? தேடிப் படிச்சப்போ திரும்பத் திரும்ப ஒரே பெயர்தான் வந்தது: பேடன் பவல். ஸ்கூலில் சாரணர் படையில் இருந்தவங்களுக்கு இவரைத் தெரிஞ்சிருக்கும். மத்தவங்களுக்காக அவர் கதையைச் சொல்றேன், கேளுங்க.

1857 பிப்ரவரி 22, லண்டனில் பிறந்தார். அப்பா ஆக்ஸ்ஃபோர்டில் ஜியோமெட்ரி பேராசிரியர் (நம்ம ஆள்தான்!). ஆனா பையனுக்கு மூணு வயசா இருக்கும்போதே அப்பா இறந்துட்டார். பெரிய குடும்பத்தை அம்மா தனியா வளர்த்தாங்க. லீவு விட்டா அண்ணன்களோட படகில் கிளம்பி, வெளியே கூடாரம் போட்டுத் தங்குவார். ஸ்கூல் பக்கத்துத் தோப்பில் வாத்தியார் கண்ணில் படாம ஒளிஞ்சு, முயல் பிடிச்சு சமைப்பாராம். புகை வெளியே தெரியாம அடுப்பு மூட்டுறதை அங்கதான் கத்துக்கிட்டார்.

1876-ல் ராணுவத்தில் சேர்ந்தார். முதல் போஸ்டிங் நம்ம நாட்டில், லக்னோவில். அப்புறம் ஆப்பிரிக்கா. 1899-ல் போயர் போர் தொடங்கினதும், மாஃபெகிங் என்ற சின்ன ஊரை எதிரிகள் சுத்தி வளைச்சாங்க. 217 நாள் ஊரை விட்டுக்கொடுக்காம காத்தார். பெரியவங்க சண்டையில் இருக்க, பன்னிரண்டு பதிமூணு வயசுப் பசங்க சைக்கிளில் செய்தி கொண்டு போனாங்க. பொறுப்பை நம்பிக் கொடுத்தா பசங்க செய்வாங்கன்னு அவருக்குப் புரிஞ்சது அப்போதான். இங்கிலாந்து திரும்பினப்போ அவர் நாட்டுக்கே ஹீரோ. ஆனா ஒண்ணு, அதே முற்றுகையில் கறுப்பின மக்களுக்கு வெள்ளையர்களைவிட ரேஷன் ரொம்பக் குறைவு. பலர் பட்டினியில் செத்தாங்க. இதையும் தெரிஞ்சுக்கிட்டுதான் அவரைப் பாராட்டணும்.

1907 ஆகஸ்ட் 1-ம் தேதி, பிரவுன்சீ என்ற தீவில் சுமார் இருபது பசங்களோட ஒரு வார முகாம் தொடங்கினார். பாதிப் பேர் பணக்காரப் பள்ளிப் பசங்க. மீதிப் பேர் தொழிலாளி வீட்டுப் பசங்க. ஒன்பது வயசு அண்ணன் மகனும் கூட வந்தான். கட்டணம் எல்லாருக்கும் ஒண்ணு இல்லை. வசதியானவங்களுக்கு 1 பவுண்டு, அதாவது 20 ஷில்லிங். மத்தவங்களுக்கு மூன்றரை ஷில்லிங்தான். ஆனா உள்ளே போனதும் எல்லாரையும் கலந்து, ஓநாய், காக்கை, காளை, குதிரைமூக்கன் உள்ளான்னு நாலு குழுவாப் பிரிச்சுட்டார். குழுத் தலைவனும் ஒரு பையன்தான். காலையில் எழுப்ப மான் கொம்பு ஊதல், மதியம் கட்டாய ஓய்வு, ராத்திரி தீயைச் சுத்தி உட்கார்ந்து கதை. அடுத்த வருஷமே அவர் புத்தகம் வந்தது. அதைப் படிச்ச பசங்க யாரும் சொல்லாமலே குழு குழுவாச் சேர ஆரம்பிச்சாங்க. 1909-ல் லண்டனில் நடந்த பேரணிக்குக் கூப்பிடாமலே பெண் பிள்ளைகளும் வந்து நின்னாங்க. 1910-ல் அவங்களுக்கும் ஓர் அமைப்பு பிறந்தது.

இப்போ நம்ம சென்னைக்கு வருவோம். 1909-லேயே இந்தியாவுக்கு சாரணர் இயக்கம் வந்துடுச்சு. ஆனா சேர முடிஞ்சது வெள்ளைக்கார, ஆங்கிலோ இந்தியப் பசங்களுக்கு மட்டும். யோசிச்சுப் பாருங்க, தொழிலாளி வீட்டுப் பிள்ளையை முகாமில் சேர்த்தவரோட இயக்கம், இங்க நம்ம பிள்ளைங்களை வாசல்லயே நிறுத்தியது. அன்னி பெசன்ட் அம்மையாரும் அருண்டேலும் சும்மா இருக்கலை. சென்னையில் இந்தியப் பசங்களுக்குன்னு தனி அமைப்பைத் தொடங்கினாங்க. தலைப்பாகைதான் சீருடை, பாட்டும் இந்தியப் பாட்டு. 1921-ல் பேடன் பவல் இங்க வந்தப்போ, அந்த அமைப்பு அவரோட இயக்கத்தில் இணைஞ்சது. கதவு திறந்தது.

1912-ல் ஒலாவ் அம்மையாரைக் கல்யாணம் பண்ணினார். ரெண்டு பேருக்கும் ஒரே பிறந்த நாள்! மூணு குழந்தைங்க. வீடு எவ்வளவு பெரிசா இருந்தாலும், குளிரானாலும் அவர் தூங்கினது பால்கனியில்தான். 1941 ஜனவரி 8-ம் தேதி கென்யாவில் நியேரி என்ற ஊரில் காலமானார். கல்லறையில் ஒரு வட்டம், நடுவில் ஒரு புள்ளி. வீடு திரும்பிட்டேன்னு அர்த்தம் தரும் சாரணர் தடக்குறி அது.

அந்தப் பால்கனிதான் எனக்கு ஐடியா கொடுத்தது. மலையும் வேண்டாம், காடும் வேண்டாம், முதல் ராத்திரி அக்கா அபார்ட்மென்ட் மொட்டை மாடியிலேயேன்னு முடிவு பண்ணினேன். பயந்தா, பாத்ரூம் வந்தா, ரெண்டு நிமிஷத்தில் வீட்டுக்குள்ள போயிடலாம். பாய், கொசுவலை, டார்ச், தண்ணி, எலுமிச்சை சாதம். போன் கீழேயே. ஆளுக்கு ஒரு பொறுப்பு: பெரியவனுக்கு டார்ச், சின்னவளுக்குத் தண்ணி பாட்டில். வாட்ச்மேன் அண்ணன் மகனையும் கூப்பிட்டோம். கொசுவலையை எப்படிக் கட்டுறதுன்னு நான் முழிச்சப்போ, அவன்தான் தண்ணித் தொட்டிக் குழாயில் கயித்தை இழுத்து முடிச்சுப் போட்டான். அன்னைக்கு அவன்தான் குழுத் தலைவன்.

ராத்திரி பதினோரு மணிக்குச் சின்னவ அழுதுக்கிட்டே கீழே போயிட்டா. அரை மணி நேரத்தில் தலையணையோட அவளே திரும்பி வந்தா!

அடுத்த லீவுக்கு வீட்டுக்குப் போறப்போ நீங்களும் ஒரு ராத்திரி முயற்சி பண்ணிப் பாருங்க. பக்கத்து வீட்டுக் குழந்தையையும் கூப்பிட மறக்காதீங்க.