ஸர் கே. எஸ். கிருஷ்ணன்

ராமன் விளைவு என்று உலகம் போற்றும் உண்மை 1928-ஆம் ஆண்டில் வெளிப்பட்டபோது, ராமனுக்கு உற்ற துணையாய் நின்று உழைத்தவர் ஸர் கே. எஸ். கிருஷ்ணன். விளைவின் பெயரில் அவர் பெயர் சேரவில்லை. ஆயினும் அவ்வுழைப்பின் பயனைத் தமிழ் மக்கள் அறிந்திருத்தல் அவசியமென்று கருதுகிறோம்.

கிருஷ்ணன் 1898-ஆம் ஆண்டில் வத்திராயிருப்பில் பிறந்தார். மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் பயின்று, பின்னர் ரஸாயன சாலையில் மாணவர்களுக்குச் செய்முறை கற்பித்து வந்தார். 1920-ஆம் ஆண்டில் கல்கத்தா சென்று, சில ஆண்டுகளில் ராமனுடைய ஆராய்ச்சியில் பங்கு கொண்டார்.

அங்கே இருந்த கருவிகள் எளியவை. சூரிய ஒளியைக் குவித்து, நிறக் கண்ணாடி வழியே வடித்து, தூய்மை செய்த திரவங்களில் பாய்ச்சினார்கள். சிதறிய ஒளியில், புகுந்த நிறமன்றி வேறு நிறமும் மங்கலாய்த் தோன்றிற்று. அறுபது திரவங்கள் வரை சோதித்தும் முடிவு மாறவில்லை. முதல் அறிவிப்பு இருவர் பெயராலும் வெளிவந்தது. 1930-ஆம் ஆண்டின் நோபல் பரிசோ ராமன் ஒருவருக்கே கிடைத்தது.

இதனால் விளைந்த நன்மை யாது? உப்பு நீரில் கரைந்ததும் கண்ணுக்கு மறைகிறது. ஆனால் அதிலுள்ள உலோக அயனி தனித்து நிற்பதில்லை. நீர் மூலக்கூறுகள் தம் ஆக்ஸிஜன் பக்கத்தை அதன்பால் திருப்பிச் சூழ்ந்து கொள்கின்றன. மக்னீஸியம், துத்தநாகம், அலுமினியம் ஆகியவற்றின் அயனிகளை ஆறு மூலக்கூறுகள் சூழ்கின்றன. இக்கூட்டம் ஓயாது அதிர்கிறது. அவ்வதிர்வுக்கு ஏற்பவே சிதறும் ஒளியின் நிறம் மாறுகிறது. மாறுதலின் அளவு, சென்டிமீட்டருக்கு இத்தனை அலைகள் என்ற கணக்கில், மக்னீஸியத்துக்குச் சுமார் 360, துத்தநாகத்துக்கு 390, மின்னூட்டம் மிகுந்த அலுமினியத்துக்கு 525. நீரைத் தளர்வாய்ப் பற்றும் ஸோடியமும் பொட்டாஸியமும் மிக மங்கிய தடயமே தருகின்றன. அகச்சிவப்புக் கதிரைக் கொண்டும் அதிர்வை ஆராயலாம்; ஆனால் அக்கதிரை நீரே பெரும்பாலும் விழுங்கிவிடும். ராமன் ஒளியில் நீரின் குறுக்கீடு சொற்பம். ஆகவே கரைசலை ஆராய்வோருக்கு இது கிடைத்தற்கரிய துணையாகும்.

கிருஷ்ணன் குறைபட்டுக்கொண்டு காலங் கழித்தவரல்லர். டாக்காவில் படிகங்களின் காந்தத் தன்மையை ஆராய்ந்து தமக்கென்று தனிக் கீர்த்தி தேடிக்கொண்டார். 1940-ஆம் ஆண்டில் லண்டன் ராயல் ஸொஸைட்டி அவரை அங்கத்தினராக்கியது. 1947-ஆம் ஆண்டில் டில்லி தேசீய பௌதிக ஆராய்ச்சிசாலையின் முதல் தலைவரானார். தமிழிலும் வடமொழியிலும் ஆழ்ந்த புலமை பெற்றிருந்த அவர் 1961-ஆம் ஆண்டில் காலமானார்.

புகழ் ஒருவர் பெயரில் நிலைப்பது உலக வழக்கம். ராமனுடைய பெருமையை நாம் ஒரு சிறிதும் குறைக்க விரும்பவில்லை. ஆனால் நீருக்குள் மறைந்திருந்ததைக் காட்டிய அந்த ஒளியைக் கண் நோகப் பார்த்தவர்களில் வத்திராயிருப்புக் கிருஷ்ணனும் ஒருவர். அதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லுதல் நமது கடமையாகும்.