மலைத் தண்ணீரில் மின்சாரம் கண்டவர்

நான் பிறந்தது ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றின் லயக் காம்பராவில். எங்கள் மலைக்கு மேலாகப் பெரிய மின்கம்பிகள் போயின. மழை நாளில் அவை இரையும். காம்பராவுக்குள்ளே மண்ணெண்ணெய்க் குப்பி விளக்குத்தான். மேலே ஓடுவது நம்ம ஓயாத் தண்ணீர்தான் என்று தாத்தா சொன்னபோது நான் நம்பவில்லை.

அந்தத் தண்ணீரில் மின்சாரத்தைக் கண்டவரின் பெயரைப் பின்னாளில்தான் அறிந்தேன். டி. ஜே. விமலசுரேந்திர. 1874 இல் பிறந்த சிங்களப் பொறியியலாளர். மலைநாட்டு ஆறுகளை நடந்து நடந்து அளந்தவர். நுவரெலியா நகருக்கு ஒளி தந்த பிளாக்பூல் சிறு நீர்மின் நிலையம் அவரது ஆரம்பகாலப் பணி.

1918 இல் இலங்கைப் பொறியியல் சங்கத்தின் முன் அவர் ஓர் ஆய்வுரையை வைத்தார். மஸ்கெலி ஓயாவையும் கெஹெல்கமு ஓயாவையும் மறித்து, அந்த நீரை உயரத்திலிருந்து குழாய் வழியே இறக்கிச் சுழலிகளைச் சுற்றவிட்டால் நாட்டுக்கே மின்சாரம் கொடுக்கலாம் என்பது அவர் கணக்கு. எரிபொருளைக் கப்பலில் இறக்கி வாழ்ந்த காலனி ஆட்சி அதைப் பொருட்படுத்தவில்லை. 1920களில் தொடங்கிய லக்ஷபான வேலையும் நின்றுபோனது. அவர் விடவில்லை. ஓய்வுபெற்ற பின் 1931 இல் இரத்தினபுரியில் வென்று அரசாங்க சபைக்குள் போய், அங்கும் அதற்காகவே வாதாடினார்.

லக்ஷபான 1950 இல் இயங்கத் தொடங்கியது. அதைக் கண்ணால் பார்த்துவிட்டு 1953 இல் அவர் கண்மூடினார். நோர்ட்டன் பிரிட்ஜில் 1965 இல் வந்த மின்நிலையம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இந்த ஆண்டுகளுக்குப் பக்கத்தில் எங்கள் ஆண்டுகளையும் வைத்துப் பார்க்கிறேன். லக்ஷபானவுக்கு இரண்டு வருடம் முன், 1948 இல், எங்கள் மக்களின் பிரஜாவுரிமை பறிபோனது. நோர்ட்டன் பிரிட்ஜ் நிலையத்துக்கு ஒரு வருடம் முன், 1964 இல், சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பத் தீர்மானித்தது. தண்ணீர் நாட்டின் சொத்தானது. அந்தத் தண்ணீரின் கரையில் கொழுந்து பறித்தவர்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். இதில் விமலசுரேந்திரவைக் குறை சொல்ல மாட்டேன். வெளிச்சத்துக்கு வழி காட்டியவர் அவர். அதைப் பங்கிட்டவர்கள் வேறு ஆட்கள்.

1977 வன்செயலுக்குப் பின் எங்கள் குடும்பம் வன்னிக்குப் போனது. யுத்த காலத்தில் அங்கேயும் மின்சாரம் இல்லை. என் பிள்ளைகளும் குப்பி விளக்கில்தான் படித்தார்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்டோம். மலையில் கம்பிக்குக் கீழே இருட்டு, வன்னியில் கம்பியே இல்லாத இருட்டு. இரண்டையும் அனுபவித்த குடும்பம் எங்களுடையது.

இன்று ஹைட்ரஜனைப் பற்றிப் பேசுகிறார்கள். காற்றிலும் வெயிலிலும் எடுத்த மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து எரிபொருள் ஆக்கலாமாம். பாசியிலிருந்தும் எடுக்கலாமா என்று ஆய்வுகூடங்களில் முயல்கிறார்கள். நல்லதுதான். மீண்டும் தண்ணீர், மீண்டும் ஒரு கனவு. மன்னாரில் ஏற்கனவே காற்றாலைகள் சுழல்கின்றன. அவற்றுக்குக் கீழேயும் ஆட்கள் குடியிருக்கிறார்கள்.

எங்கே புதிய மின்திட்டம் வந்தாலும் எனக்குக் கேட்க இருப்பது ஒன்றுதான்: அந்தக் கம்பிக்குக் கீழே இருக்கிற வீட்டுக்கு எப்போது வெளிச்சம் வரும்?