பழைய கவரில் இருக்கும் கறுப்பு முத்திரை... யார் இந்த டல்ஹவுசி?

மாமல்லபுரத்திலோ செங்கல்பட்டிலோ பழைய வீட்டுப் பரணை ஒழிக்கும்போது ஒரு கவர் கிடைக்கிறது. மேலே விக்டோரியா ராணி தலை, அதன் மீது கறுப்பு மையில் குத்திய முத்திரை. உடனே ஸ்டாம்பை மட்டும் கிழித்து எடுத்துடாதீங்க! கவரோடு இருந்தால்தான் அதற்கு மதிப்பு. அந்த முத்திரைக்குப் பின்னால் ஒருவரின் கதை இருக்கிறது.

யார் அவர்?

1812-ல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர் டல்ஹவுசி பிரபு. 1848-ல் 35 வயதிலேயே இந்தியாவின் கவர்னர் ஜெனரல் ஆனார். அப்போதெல்லாம் கடிதம் எவ்வளவு தூரம் போகிறதோ, அவ்வளவு கட்டணம். சாமானியர்களுக்கு அது கட்டுப்படியாகாது.

பிரிட்டனில் ரோலண்ட் ஹில் 1840-லேயே இதை மாற்றி, முதல் ஸ்டாம்பைக் கொண்டுவந்திருந்தார். அதே வழியை டல்ஹவுசி இங்கே பிடித்தார். 1854 அக்டோபர் 1 முதல் கால் தோலா எடையுள்ள கடிதத்துக்கு அரை அணாதான். நாட்டுக்குள் எவ்வளவு தூரம் போனாலும் அதே கட்டணம். கல்கத்தாவில் அச்சான அந்த ஸ்டாம்ப்களில் ஓரத் துளைகள் கிடையாது. கத்தரிக்கோலால் வெட்டித்தான் ஒட்ட வேண்டும். நாலணா ஸ்டாம்ப் சிலவற்றில் ராணியின் தலையே தலைகீழாக அச்சாகிவிட்டது. இன்று அவை உலக அளவில் அரிய பொக்கிஷம்.

முத்திரை எதற்கு?

ஒரே ஸ்டாம்பை மறுபடி ஒட்டி ஏமாற்றக் கூடாது, அவ்வளவுதான். ஆனால் 1855 முதல் வந்த முத்திரைகள் ஊரையும் காட்டிக்கொடுக்கும். கோடுகளுக்கு நடுவே 'சி' என்ற ஆங்கில எழுத்தும் எண்ணும் இருந்தால் மெட்ராஸ் வட்டம். 'பி' இருந்தால் வங்காள வட்டம். அதிலும் 'பி 172' என்றால் சிங்கப்பூர்! 1867 வரை அந்த ஊர் இந்திய நிர்வாகத்தில் இருந்ததால், அங்கேயும் இந்திய ஸ்டாம்ப்தான் ஓடியது. ஊர்ப் பெயரோடு வந்த முத்திரை என்றால் பழைய எழுத்துக்கூட்டலைத் தேடுங்கள். செங்கல்பட்டு அதில் 'சிங்கிள்புட்' என்றுதான் இருக்கும்.

இன்னொரு முகம்

ரயில், தந்தி, தபால் என்று நாட்டை இணைத்த அதே கை, வாரிசு இல்லாத சமஸ்தானங்களையும் விழுங்கியது. 1848-ல் சதாரா. அரை அணா ஸ்டாம்ப் வந்த அதே 1854-ல் ஜான்சி. 1855-ல் தஞ்சாவூர் மன்னர் சிவாஜி ஆண் வாரிசு இல்லாமல் இறந்ததும், அந்த அரச பட்டத்துக்கும் முடிவு கட்டப்பட்டது. மலிவான தபால் மக்களுக்கு உதவியது. கம்பெனி ஆட்சியின் பிடி இறுகவும் அதுவே உதவியது.

சொந்த வாழ்க்கை அவருக்குச் சாதகமாக இல்லை. மனைவி சூசன் 1853-ல் தாயகம் திரும்பும் கப்பலிலேயே இறந்தார். உடல்நலம் கெட்ட டல்ஹவுசி, 1855-ல் சில மாதங்களை நம்ம நீலகிரியில் கழித்தார். 1856-ல் ஊர் திரும்பினார். அடுத்த ஆண்டே பெரும் கிளர்ச்சி வெடித்தது. பழி அவர் மீதும் விழுந்தது. 1860 டிசம்பரில், 48 வயதில் இறந்தார்.

அவர் பறித்த அரியணைகள் திரும்பவில்லை. அவருடைய கம்பெனி ஆட்சியும் நிலைக்கவில்லை. தூரம் எதுவானாலும் ஒரே கட்டணம் என்ற கணக்கு மட்டும் நம் தபால் பெட்டியில் இன்றும் இருக்கிறது. அடுத்த முறை பரணில் கவர் கிடைத்தால், முதலில் முத்திரையைப் படியுங்கள்.