பத்மநாபதாசர் மார்த்தாண்டவர்மர்

திருக்கோணமலைத் துறைமுகத்தருகே நிற்கும் பிரெட்ரிக் கோட்டையை நாள்தோறும் காண்பவர் நாம். போர்த்துக்கேயர் கோணேசர் ஆலயத்தை இடித்து அதன் கற்களால் எழுப்பிய அக்கோட்டையைப் பின்னர் ஒல்லாந்தர் கைக்கொண்டு ஆண்டனர். அந்த ஒல்லாந்தரைப் புறங்கண்ட இந்து மன்னர் ஒருவரின் சரிதம் எம் வாலிபர் அறியத்தக்கது.

1706ஆம் ஆண்டில் பிறந்த மார்த்தாண்டவர்மர் 1729இல் வேணாட்டின் அரசுரிமை எய்தினார். எட்டுவீட்டுப் பிள்ளைமார் முதலிய பிரபுக்களின் பகைக்கு அஞ்சி இளமையில் மறைந்து திரிந்த அவர், அரியணை ஏறியதும் அவர்களை வேரோடு அழித்தார். அதில் அவர் காட்டிய கடுமையை நாம் மறைக்க வேண்டுவதில்லை. அயற் சிற்றரசுகளையும் வென்று திருவிதாங்கூரைப் பேரரசாக்கினார்.

மிளகு வாணிகம் தம் கைநழுவுவதைக் கண்ட ஒல்லாந்தர், இலங்கையிலிருந்து படை அனுப்பிக் குளச்சலில் இறங்கினர். 1741இல் மன்னர் அவர்களை முறியடித்தார். சிறைப்பட்ட தெலனோய் என்பவரைத் தண்டியாது, தம் சேனையைப் பயிற்றும் பொறுப்பை அவருக்கே அளித்தார். பகைவரிடமும் வித்தை கற்கத் தயங்காத பேரறிவு அது.

எனினும், அவர் வாழ்வின் சிகரம் போர்க்களமன்று. 1750இல், தாம் வென்ற நாடு முழுவதையும் ஸ்ரீ பத்மநாபப் பெருமாளின் திருவடியில் ஒப்புவித்து, பத்மநாபதாசர் என்னும் நாமத்துடன் ஊழியராகவே ஆண்டார். கல்குளம் என வழங்கிய தலைநகர் பத்மநாபபுரம் ஆயிற்று. ஆங்கு அவர் புதுக்கிய அரண்மனை பெரிதும் மரத்தால் ஆனது. அதன் உப்பரிகை மாளிகையில் அரசர் துயிலும் கட்டில் கீழே. சித்திரங்கள் நிறைந்த மேல்மாடமோ இறைவனுக்கு உரியது. அவர் பணிவுக்கு இதனினும் சான்று வேண்டுமோ?

1758இல் மன்னர் மறைந்தார். பின்னர் தலைநகரும் திருவனந்தபுரம் சென்றது. 1956இல் கன்னியாகுமரி மாவட்டம் சென்னை மாநிலத்துடன் இணைந்தபோதும், அரண்மனை கேரள அரசின் பராமரிப்பிலேயே இருந்தது. இன்று அது யாவரும் காணும் அருங்காட்சியகம்.

கல்லால் ஆன ஆலயத்தை நாம் இழந்தோம்; மரத்தால் ஆன மாளிகையோ அங்கே நிலைத்திருக்கின்றது. பேணுவார் உளராயின் மரமும் நிலைக்கும். எம் ஆலயங்களின் தேர்களும் வாகனங்களும் மரத்தால் ஆனவையே. அவை கொட்டகைகளில் கறையானுக்கு இரையாகாமற் காப்பது வாலிபர் கடன். முதியோர் வழிகாட்ட, இவ்வாண்டே அத்திருப்பணியைத் தொடங்குவோமாக.