போன்ல வந்த இரைச்சலை ஆராயப் போனவர் விண்வெளிக்கே காது கொடுத்த கதை... யார் இந்த கார்ல் ஜான்ஸ்கி?

தொலைதூர கேலக்ஸிகளின் நடுவில் இருக்கும் ராட்சத கருந்துளைகள், லட்சக்கணக்கான ஒளியாண்டு நீளத்துக்கு ஜெட்களைப் பீய்ச்சி அடிக்கின்றன. அவற்றிலிருந்து வரும் ரேடியோ அலைகளை விஞ்ஞானிகள் அளக்கும் அலகின் பெயர் ஜான்ஸ்கி. அது ஒரு மனிதரின் பெயர். ஆனால் அவர் வானியல் விஞ்ஞானியே கிடையாது!

1905-ல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் பிறந்தவர் கார்ல் ஜான்ஸ்கி. இயற்பியல் படித்துவிட்டு 1928-ல் பெல் ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். சிறுநீரக நோய் அப்போதே இருந்தது.

அன்றைக்கு நியூயார்க்கில் இருந்து லண்டனுக்குப் போன் பேசுவது ரேடியோ அலை மூலம்தான். 1927-ல் அந்தச் சேவை தொடங்கியபோது 3 நிமிடத்துக்கு 75 டாலர். அவ்வளவு காசு கொடுத்தும் நடுவில் கரகரன்னு சத்தம் வந்தால் யார் சும்மா இருப்பாங்க? சத்தம் எங்கிருந்து வருதுன்னு கண்டுபிடிப்பதுதான் ஜான்ஸ்கிக்குக் கொடுத்த வேலை.

நியூ ஜெர்சியில் சுமார் 30 மீட்டர் நீள ஆன்டெனா ஒன்றைக் கட்டினார். ஃபோர்டு மாடல் டி காரின் 4 சக்கரங்கள் மேல் அது 20 நிமிடத்துக்கு ஒரு சுற்று சுற்றும். ராட்டினம் மாதிரியே இருக்கும். பக்கத்து இடி, தூரத்து இடி இரண்டும் சிக்கின. மூன்றாவதாக, விடாமல் வந்த ஒரு மெல்லிய 'உஸ்ஸ்' சத்தம். இதுதான் புரியலை.

முதலில் சூரியன் என்று நினைத்தார். ஆனால் சத்தம் உச்சத்துக்கு வரும் நேரம் தினமும் சுமார் 4 நிமிடம் முந்திக்கொண்டே போனது. ஒரு மாதத்தில் 2 மணி நேர வித்தியாசம்! நட்சத்திரங்களை வைத்துப் பார்த்தால் பூமி ஒரு சுற்றை முடிக்க 23 மணி 56 நிமிடம்தான். அதாவது, சத்தம் சூரிய மண்டலத்துக்கு வெளியே இருந்து வருது. தனுசு ராசி திசை, பால்வீதியின் மையம். 1933 மே மாதம் நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்திலேயே செய்தி வந்தது.

அப்புறம்? பெரிசா ஒண்ணும் நடக்கலை. பொருளாதாரப் பெருமந்தம் ஓடிக்கொண்டிருந்த காலம். போனுக்குத் தொல்லை தராத சத்தத்தை நிறுவனம் ஏன் துரத்தணும்? வானியலாளர்களும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. ஜான்ஸ்கி வேறு வேலைக்குப் போனார். அதைத் தொடர்ந்தவர் குரோட் ரெபர் என்ற இளைஞர். 1937-ல் வீட்டுத் தோட்டத்திலேயே டிஷ் ஆன்டெனா கட்டினார். அவர் வரைந்த வான வரைபடத்தில் சிக்னஸ் பகுதி தனியாகத் தெரிந்தது.

1950 பிப்ரவரியில் ஜான்ஸ்கி இறந்தார். வயது 44. சிக்னஸில் இருந்து வரும் அந்த ரேடியோ அலையின் ஊற்று, 60 கோடி ஒளியாண்டுக்கும் அப்பால் உள்ள ஒரு கேலக்ஸி என்று தெரிய வந்தது அதற்குப் பிறகுதான். முதல் குவாசர் அடையாளம் காணப்பட்டது 1963-ல்.

ஜெட்கள் ரேடியோவில் ஏன் ஒளிர்கின்றன? கிட்டத்தட்ட ஒளியின் வேகத்தில் ஓடும் எலக்ட்ரான்கள் காந்தப் புலத்தில் சுருள் சுருளாகச் சுற்றும்போது ரேடியோ அலையை உமிழும். ஜான்ஸ்கி கேட்ட பால்வீதி இரைச்சலும் இதே வழியில் உருவானதுதான்.

1973-ல் அவர் பெயர் அதிகாரப்பூர்வ அலகானது. ஒரு ஜான்ஸ்கி ரொம்பச் சின்ன அளவு. சதுர மீட்டருக்கு, ஒரு ஹெர்ட்ஸுக்கு எத்தனை வாட் என்று எழுதினால், புள்ளிக்குப் பின் 25 பூஜ்யம் போட்டுத்தான் 1 வரும். நியூ மெக்சிகோவில் 27 டிஷ்களுடன் நிற்கும் வெரி லார்ஜ் அரே தொலைநோக்கிதான் சிக்னஸ் கேலக்ஸியின் மெல்லிய ஜெட்டைத் தெளிவாகப் படம் பிடித்தது. 2012-ல் அதற்கும் ஜான்ஸ்கியின் பெயரையே வைத்தார்கள்.