அந்தியைத் தீட்டிய ஹசுயி

மாலை மயங்கும் நேரம். அமைதியான கால்வாய். அதன் குறுக்கே ஒரு பாலம். டோக்கியோவின் மரவாடிகள் நிறைந்த கிபா பகுதியை இவ்வாறு நம் கண்முன் நிறுத்துகிறது, 1920-இல் வெளிவந்த ஒரு மர அச்சு ஓவியம். அதை வரைந்தவர் கவாசே ஹசுயி.

இவர் 1883-ஆம் ஆண்டு டோக்கியோவில் வணிகக் குடும்பத்தில் பிறந்தார். ஓவியத்தில் நாட்டம் இருந்தும், குடும்பத் தொழிலைக் கவனிக்க வேண்டியிருந்தது. ஆகவே 27-ஆம் வயதில்தான் கியோகதா என்னும் ஓவியரிடம் மாணவராகச் சேர்ந்தார். 1918 முதல் பதிப்பாளர் வதனபேக்காக இயற்கைக் காட்சிகளை வரைந்தார். ஹசுயி வரைந்ததைச் செதுக்குவோர் மரப்பலகையில் செதுக்குவர். அச்சிடுவோர் பலகையில் வண்ணம் தடவிக் காகிதத்தில் ஒற்றி எடுப்பர். பலர் கைகூடினால்தான் ஓர் ஓவியம் பிறக்கும்!

1923 செப்டம்பர் 1 அன்று பெரும் நிலநடுக்கமும் தீயும் டோக்கியோவை அழித்தன. ஹசுயியின் வீடும், பல ஆண்டுகள் ஊர் ஊராய்ச் சென்று வரைந்து சேர்த்த ஏடுகளும், வதனபேயின் அச்சுப் பலகைகளும் சாம்பலாயின. அப்போது அவருக்கு வயது 40. அவர் மனம் தளர்ந்தாரா? இல்லை. புதிய ஏட்டை எடுத்துக்கொண்டு நூறு நாட்களுக்கு மேல் பயணம் செய்து, ஆறுகளையும் கடற்கரைகளையும் மீண்டும் வரைந்தார். போர்க்காலத்தில், 1945-இல், குண்டுவீச்சில் மறுபடியும் வீட்டை இழந்தார். அப்போதும் தூரிகையைக் கீழே வைக்கவில்லை.

1957-இல் மறையும்வரை அவர் அளித்த அச்சோவியங்கள் ஏறத்தாழ 600. சிறு தோல்விக்கே சோர்ந்துவிடும் நாம், இருமுறை எல்லாம் இழந்தும் எழுந்த ஹசுயியை நினைவில் கொள்வோமாக!